நோரீன் கரை

என் கணவன் வில்லர்ட் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஓபல் என்ற ரத்தினக் கல் தோண்டப் போவான். நெவாடாவின் வடக்கு மூலையில், ஊர் என்று சொல்ல எதுவுமே இல்லாத பொட்டல் காட்டில் ஒரு சுரங்கம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் நாள் முழுக்கத் தோண்டலாம். கிடைக்கிற கல் நமக்கே. சில நாள் அங்கே கிடந்துவிட்டு, தாடியெல்லாம் களிமண்ணாக, தண்ணீர் நிரப்பிய ஊறுகாய் பாட்டிலில் கற்களைப் போட்டுக்கொண்டு வந்து சேருவான். அந்த ஓபல் காய்ந்தால் விரிசல் விட்டுவிடும், தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். அதனால் எங்கள் சமையலறை ஜன்னல் நெடுகப் பாட்டில்கள். துடைக்கிறவள் நான்.

இந்த வசந்தத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். இனி வீட்டில் நானும் வில்லர்ட்டும்தான். அவன் வீடு வீடாகப் போய்க் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க அவன் என்னிடம் பேசும் வார்த்தைகளை ஒரு கரண்டியில் அள்ளிவிடலாம். மிச்சக் காலத்தை அந்த மௌனத்தோடு எப்படி ஓட்டுவது என்று எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றாகப் போய் மண்ணைக் கிளறினாலாவது நாலு வார்த்தை பேசுவான் என்று நினைத்தேன்.

"இந்த வருஷம் நானும் வர்றேன்" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அங்க கழிப்பறைகூட ஒழுங்கா இருக்காது, நோரி."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களை பஸ்ல ஏத்திக்கிட்டுப் பனியில ஓட்டினவ நான். எனக்குக் கழிப்பறை பத்திப் பாடம் எடுக்காத."

"பாம்பு வேற இருக்கு. வாலை ஆட்டிச் சத்தம் போடுற பாம்பு."

"நான் போடுற சத்தத்துல அது நெவாடாவை விட்டே ஓடிரும். போ."

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிட்டேன். அந்தப் பாதையில் கூர்மையான சரளை டயரைக் கிழித்துவிடும் என்பதால் ஒன்றுக்கு இரண்டாக மாற்று டயர் வாங்கிப் போட்டேன். குடிக்க ஒரு பீப்பாய் தண்ணீர், களிமண்ணைக் கழுவிப் பார்க்கத் தெளிப்பான் பாட்டில், மண்ணைக் கிளறக் கைவாரி, நிழலுக்குத் தார்ப்பாய், கூடாரத்தை அடித்துக்கொண்டு போகும் காற்றுக்கு நீள முளைகள். எல்லாம் கராஜில் குவிந்தன. எனக்குக் கல்யாணத்துக்குச் சாமான் வாங்குவது போல ஒரே குஷி. சுரங்கத்தில் இடம் பிடிப்பது மட்டும் பாக்கி. வில்லர்ட் வேலைக்குப் போயிருந்தபோது நானே போன் போட்டேன்.

எடுத்தது சுரங்கக்காரரின் மனைவி ட்ரூடி. குரலைக் கேட்டதுமே பிடித்துப் போகிற மாதிரியான பெண்.

"ரெண்டு பேருக்கு இடம் வேணும்" என்றேன்.

"தாராளமா வாங்க கண்ணு. எந்தப் பக்கம் வேணும்? தோண்டிப் போட்ட பழைய மண்ணைக் கிளறுறீங்களா, இல்ல மேட்டை வெட்டின சரிவுல, நோரீன் கரையில தோண்டுறீங்களா?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. என் பேரில் ஒரு கரை. இந்த ஊமைக் கோட்டான் எனக்கு இதைச் சொல்லவே இல்லையே என்று பூரித்துப்போனேன். "நோரீன் கரையா? அழகான பேரா இருக்கே. யாரு அது?"

"இங்க வருஷா வருஷம் வர்ற ஒரு நல்ல மனுஷனோட பெண்டாட்டி. பாவம், செத்துப்போச்சு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "யாரு செத்துப்போச்சு?"

"நோரீன். வில்லர்ட் ஹாஸ்கெட்டோட சம்சாரம். புத்துநோய். எங்க சுரங்கத்துல ஒரு வழக்கம் கண்ணு. வீட்டுல சாவு விழுந்துட்டு வர்றவங்களுக்குத்தான் மண் அள்ளுற லோடர் வண்டி புதுசா வெட்டின கரையில முதல் இடம். என் வீட்டுக்காரர் லேமார் வெட்டிக் குடுத்தாரு, வில்லர்ட் முதல் கொத்துலயே கைப்பிடி அளவுக்கு ஒரு கருப்பு ஓபலை எடுத்தாரு. அதைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்து அழுதாரு பாருங்க, லேமார் லோடரையே நிறுத்திட்டாரு. அன்னைக்கே அந்தக் கரைக்கு அந்தப் பொண்ணு பேரை வெச்சோம். பலகையும் நட்டிருக்கோம்."

பயணத்துக்கு எடுத்து வைத்திருந்த ஐஸ் பெட்டி மேல் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சில வருஷம் முன்பு எனக்குப் புற்றுநோய் வந்தது நிஜம். அறுத்து, மருந்தேற்றி, மொட்டைத் தலையோடு கிடந்து எழுந்ததும் நிஜம். ஆனால் செத்தது எனக்குத் தெரியாது.

"உங்களுக்கு வில்லர்ட்டைத் தெரியுமா?" என்றாள் ட்ரூடி.

"கொஞ்சம். அவரோடதான் வர்றேன்."

ட்ரூடி குரல் துள்ளியது. "அப்பாடா. இன்னும் எத்தனை நாளைக்கு ஒத்தையா இருப்ப, ஒரு துணையைத் தேடிக்கோன்னு நாங்க சொல்லாத வருஷமில்ல. நல்லா இருங்க கண்ணு. ஆனா ஒண்ணு, நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது. சாயங்காலம் நெருப்பு மூட்டி உக்காந்தா அவரு நோரீனைப் பத்திப் பேசுவாரு. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு."

"யாரு? வில்லர்ட்டா?"

"வாய் ஓயாது. நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருப்போம். எனக்கே பல தடவை கண்ணு கலங்கியிருக்கு. அவ நினைவா சனிக்கிழமை அந்த உருளைக்கிழங்கும் செய்வோம், அவ பக்குவத்துலயே."

எங்கள் ஐடஹோவில் சாவு விழுந்த வீட்டுக்கு ஆளாளுக்குச் சுமந்துபோகிற, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு அது. என் கைப்பக்குவத்தை உடன்பிறந்த தங்கைக்குக்கூட நான் சொன்னதில்லை. அதை என் சாவுக்கே பந்தி வைத்திருக்கிறான். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முதலில் வந்தது ஆத்திரம்தான். புதிதாக வெட்டின கரையில் முதல் இடம் கிடைக்கும் என்பதற்காகக் கட்டின பெண்டாட்டியைச் சாகடித்துவிட்டான் என்று நினைத்தேன். ஜன்னலில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று பார்த்தேன். உடைக்கவில்லை. கூட்டுவதும் நான்தானே.

சாயங்காலம் வில்லர்ட் உள்ளே வந்தான். "ட்ரூடிகிட்ட பேசினேன்" என்றேன். அவன் சாப்பாட்டுப் பெட்டியை வைக்க மேஜையைத் தேடினான், கிடைக்காதவன் மாதிரி தரையில் வைத்தான்.

"கல்லு கிடைக்கணும்னுதானே?"

"அந்த வழக்கமே எனக்குத் தெரியாது, நோரி."

"பின்ன?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினான். பிறகு சொன்னான். "இலை உதிர்றதுக்குள்ள உன் கதை முடிஞ்சிரும்னு டாக்டர் சொன்னார்ல. உன் தங்கச்சி வந்து உக்காந்துக்கிட்டா. கோட்டு மாட்டுற கம்பு மாதிரி முன்னாடி நிக்காத, எங்கயாவது போன்னு நீ என்னை விரட்டின. அப்பதான் மொத தடவை அங்க போனேன். வீட்டுல யாரு இருக்காங்கன்னு ட்ரூடி கேட்டா. நாளைக்கு யாராவது கேட்டா நான் சொல்லித்தானே ஆகணும். நீ இல்லன்னு சொல்ல வருதான்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தேன்."

"வந்துச்சா?"

"சொல்லிட்டு டிரக் பின்னாடி போய் வாந்தி எடுத்தேன்."

தரையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "சரி. அடுத்த வருஷம் நான் உயிரோடதானே இருந்தேன்? சொல்றதுக்கென்ன?"

"அதுக்குள்ள பலகை நட்டுட்டாங்க."

சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் சேர்ந்தே வந்தது. "ஜூன்ல போறோம். எப்படியாவது நீயே சொல்லு."

"செத்தவ வந்திருக்கான்னு எப்படிச் சொல்ல?"

"உருளைக்கிழங்கை நான் செஞ்சு எடுத்துட்டு வர்றேன். தின்னு பாத்தா நம்பிருவாங்க."

அவன் தலையை ஆட்டினான். விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பான். எனக்கு முடியவில்லை. சாகடித்ததைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. அந்தக் காட்டில், நெருப்புப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஜனங்களுக்கு வருஷா வருஷம் பேச்சை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறானே, அதுதான் பொறுக்கவில்லை. அந்தச் செத்தவள் மேல் எனக்கு வயிறு எரிந்தது.

"அங்க வாய் ஓயாம பேசுறியாம். இங்க என்ன வந்துச்சு உனக்கு?"

"இங்கதான் நீ இருக்கியே" என்றான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "உன்னைப் பத்தி உன்கிட்டயே எப்படி? கேலி பண்ணுவ."

பண்ணுவேன்தான். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"நான் செத்துட்டேன். ட்ரூடி கேக்குறா. சொல்லு."

குளிர்பெட்டி உறுமி அடங்கியது. போய்விட்டான் என்றே நினைத்தேன். அப்புறம் தொண்டையைச் செருமினான்.

"நோரீன்... காலையில இருட்டுலயே எந்திரிப்பா. பஸ்ஸு எங்க வாசல்லதான் நிக்கும். வண்டியைக் கிளப்புறதுக்கு முன்னாடி டார்ச்சை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சீட்டா குனிஞ்சு பாப்பா. முந்தின நாளே பாத்ததுதான். இருந்தாலும் ஏதாவது ஒரு பிள்ளை தூங்கிப்போய்க் கிடந்திருமோன்னு மறுபடியும் பாப்பா. அந்த வெளிச்சம் ஒவ்வொரு ஜன்னலா பின்னாடி போயி, திரும்பி முன்னாடி வரும். நான் திரைக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். அந்த மூலை திரும்புற வரைக்கும் நிப்பேன், ட்ரூடி. அவ ஓட்டின அத்தனை நாளும்."

நான் கிளம்பும்போது அவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதற்காக அவனைத் திட்டியும் இருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று பயமாக இருந்தது. கண்ணீரில் கழுத்தெல்லாம் நனைய, சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவன் பேசிக்கொண்டே போனான்.