மூடாத திருகு

அண்ணனுடைய வாட்சுக்குள் மறுபடியும் தண்ணீர் போய்விட்டது. கண்ணாடிக்கு அடியில் ஆவி கட்டி, முள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது விலை உயர்ந்த வாட்சுகளின் சர்வீஸ் கவுண்டரில். வருகிறவர்கள் எல்லாரும் பின்மூடியைத் திருப்பிக் காட்டி, "நூறு மீட்டர் தண்ணி தாங்கும்னு போட்டிருக்கே?" என்று சண்டைக்கு நிற்பார்கள். சாவி கொடுக்கிற திருகை அமுக்கிச் சுற்றி இறுக்கினால்தான் அந்த நூறு. இறுக்காவிட்டால் கை கழுவவே பயப்பட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கூடப்பிறந்தவன் மண்டையிலேயே ஏறவில்லை என்றால் யாரிடம் போய் அழ?

அண்ணன் சலூன் வைத்திருக்கிறான். சொந்தக் கடை திறந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய வாட்ச் இது. பழுப்பேறின மாதிரி முகப்பு, மேடு தட்டின கண்ணாடி, தினமும் காலையில் சாவி வேறு கொடுக்க வேண்டும். புத்தம்புதுசை வாங்கிப் பழசு போலக் கட்டிக்கொள்ள இவனை மாதிரி ஆட்கள் இருக்கும்வரை கம்பெனிக்கு என்ன கவலை! அதைக் கட்டிக்கொண்டேதான் முடி வெட்டுவான், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவான், ஷாம்பு தேய்ப்பான். இத்தனை வருஷம் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. இந்த வருஷம்தான் மறுபடி மறுபடி சர்வீஸுக்கு வந்துகொண்டிருக்கிறது.

உள்ளே இருந்து மெக்கானிக் வாட்சைக் கொண்டுவந்து வைத்தார். "ரப்பர் வளையம் புதுசு. அழுத்தம் வெச்சுப் பார்த்தாச்சு, ஒழுகலை. உங்க அண்ணன் திருகை மூடறதே இல்ல மேடம்."

எனக்கு வந்ததே கோபம்! மதியம் வாட்சை வாங்க வந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணும்னே பண்றியா? தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல?"

"மறந்துடறேன்டி."

"கடைக்கு வர்றவங்க பேரப்பிள்ளை பேரெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் மறந்துடுதா? இந்தா, திறந்து தர்றேன், என் கண் முன்னாடி மூடு."

"கடையில ஆள் காத்திருக்கு, விடு."

"காத்திருக்கட்டும். மூடு."

சிரித்து மழுப்பப் பார்த்தான். நான் விடவில்லை. வாட்சை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திருகின் மேல் வைத்தான். உள்ளே ஸ்பிரிங் இருக்கும், அமுக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். அமுக்கினான். கட்டைவிரல் வழுக்கியது, திருகு எழும்பி வந்தது. மறுபடி அமுக்கினான், மறுபடி வழுக்கியது. நெற்றியில் வியர்வை. நடிக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

"என்னண்ணா இது?"

"நரம்பாம். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. போனது போனதுதான்னுட்டார்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சட்டைப் பட்டன் அவதான் போட்டு விடறா. தெரியாம இருக்குமா? நானும் சொல்லலை, அவளும் கேட்கலை."

கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். "கத்திரி?"

"விட்டாச்சு. ஒருத்தர் கழுத்துல சவரக் கத்தி நழுவிடுச்சு. கீறல்தான், அவரே பரவாயில்லன்னுட்டார். ஆனா அதுக்கப்புறம் கத்தி, கத்திரி எதையும் நான் எடுக்கலை. தலை மட்டும் கழுவி விட்டுக்கிட்டு இருந்தேன். நேத்தோட அதுவும் நின்னுபோச்சு. குழாயை இறுக்கிப் பிடிக்க முடியலை."

சின்ன வயதில் என் தலையைப் பின்னிவிட்ட கை அது. வாட்சை வாங்கி, திருகை அமுக்கி, நன்றாக இறுக்கி அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். அவன் திருகைத் தொட்டுப் பார்த்தான்.

"இவ்ளோ இறுக்காதடி. காலையில சாவி கொடுக்க என்னால திறக்க முடியாது. இனிமே இதுல தண்ணி படப்போறதில்லையே."

அவன் கையை என் பக்கம் இழுத்து, இறுக்கிய திருகை நானே தளர்த்திவிட்டேன்.