பேர்கனில் ஒன்பது மணித்தியாலம்

மகள் அச்செடுத்துக் கொடுத்த லேபிளை நீளவாக்கில் மடித்து, சூட்கேஸின் கைப்பிடியில் சுற்றி, ஸ்டேப்லரால் இரண்டு அடி அடித்து, போதாதென்று அதன்மேல் செலோடேப்பும் ஒட்டினார் பத்மநாதன். அவருடைய பெயர், கப்பலில் அவருடைய அறை எண், எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. மழை பெய்தாலும் மை கரையக்கூடாது. இருபத்தாறு வருடமாக இங்கிலாந்தை விட்டு ஓரடி வெளியே வைக்காத மனிதர் வேறு எப்படி இருப்பார்? பாரிஸில் மச்சானுடைய கலியாணத்துக்கே முதுகு நாரி நோகுது என்று சொல்லி வீட்டில் படுத்திருந்தவர் அவர். அந்த ஆள் இப்போது கப்பலில் போகிறார் என்றதும் லண்டன் ஹரோவில் தெரிந்த சனம் எல்லாம் ஒரு பாட்டம் சிரித்து முடித்திருந்தது.

மேசையில் அவருடைய நீலப் பயணப் பத்திரம் கிடந்தது. மனைவி சிவனேஸ்வரியும் மகளும் எப்போதோ பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். இவர் நிரந்தர வதிவுரிமையோடு நின்றுகொண்டார். அகதிகளுக்குக் கொடுக்கிற அந்தப் பத்திரத்தைக்கூட இந்த வருடம்தான், மகள் பிடித்த பிடியில், முதல்முறையாக எடுத்தார். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தால் பழைய ஃபைலைத் திறப்பார்கள். அந்த ஃபைலில் அவருடைய தம்பி குலேந்திரன் செத்துப்போயிருந்தான்.

உண்மையில் குலேந்திரன் நோர்வேயில், பேர்கன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், புற்றுநோயோடு படுத்திருந்தான்.

தொண்ணூற்றொன்பதில் பத்மநாதன் குரொய்டனில் அகதி விசாரணைக்குப் போனபோது தம்பியைப் பற்றி எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. கேஸ் பாரமாக இருக்கவேண்டும் என்று கூட இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தம்பியை வவுனியாவில் சுட்டுப்போட்டார்கள், உடலைக் கண்ணால் கண்டேன் என்று இவர் சொன்னார். அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நிறத்தைக்கூடச் சொன்னார். சொல்லும்போது அழுகை வந்தது. அந்த அழுகை பொய்யில்லை. மூன்று மாதம் கழித்து ஒஸ்லோவிலிருந்து ஒரு தொலைபேசி. "அண்ணை, நான்தான்." இவர் சந்தோசத்தில் கத்திவிட்டார். அடுத்த நிமிடம் ஒரு பயம் வந்து குந்தியது. அது பிறகு எழும்பவேயில்லை.

தம்பியாவது வந்திருக்கலாம். அவனிடம் நோர்வே பாஸ்போர்ட் இருந்தது. ஒவ்வொரு வருடமும் "வாற சமர் லீவுக்கு வாறன் அண்ணை" என்பான். வரமாட்டான். ஏன் வரவில்லை என்று கேட்க இவருக்கு வாய் வந்ததில்லை. கேட்டால், நீ ஏன் வரவில்லை என்று அவன் திருப்பிக் கேட்பான்.

மாசியில் தம்பியின் மகள் ஜதுர்ஷிகா விசாவுக்கென்று ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பினாள். 'எனது தந்தையின் கூடப்பிறந்த அண்ணன்' என்று அதில் எழுதியிருந்தது. பத்மநாதன் அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். அந்த ஒரு வரியைக் கொண்டுபோய் எந்த அரசாங்கத்திடமும் நீட்ட அவருக்கு நெஞ்சுரம் இல்லை.

"விமானம் இரண்டு மணித்தியாலம். தம்பியைப் பார்த்திட்டு வாங்கோவன்," என்றாள் சிவனேஸ்வரி.

"உனக்கு விளங்காது."

அவளுக்கு எல்லாம் விளங்கும். அவள் ஒருத்திக்குத்தான் கதை முழுவதும் தெரியும்.

பிறகுதான் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார். சௌதாம்ப்டனில் ஏறினால் மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பேர்கனில் கட்டும், மாலை ஐந்துக்கு வெளிக்கிடும். உல்லாசப் பயணிக்கு யார் அண்ணன், யார் தம்பி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்; கப்பல் டிக்கெட்டைக் காட்டினால் விசா. என்ன மூளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். ஒரேயொரு குறை, கப்பல் ஆடியில்தான். தம்பி ஆடி வரைக்கும் தாங்குவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தினமும் சொன்னதில் அதை நம்பியும்விட்டார்.

சனிக்கிழமை கப்பல். புதன்கிழமை பின்னேரம், இரண்டாவது சூட்கேஸுக்கு லேபிள் மடித்துக்கொண்டிருக்கும்போது, ஜதுர்ஷிகா போன் எடுத்தாள்.

"பெரியப்பா, அப்பா போயிட்டார்."

அவர் ஸ்டேப்லரை மெதுவாக மேசையில் வைத்தார்.

"கடைசியா முந்தநாள்தான் கதைச்சவர். ஷிப் எப்ப வருது எண்டு கேட்டவர். இன்னும் ஒரு கிழமை எண்டு சொன்னனான். சரி எண்டவர்."

பத்மநாதன் அலுமாரிப் பக்கம் பார்த்தார். மாசியிலேயே போயிருக்கலாம். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று போயிருக்கலாம். மாசி, பங்குனி, சித்திரை என்று மனம் தன்பாட்டில் விரல் மடித்தது.

"இணையத்தில மரண அறிவித்தல் போடவேணும். சகோதரர் எண்ட இடத்தில உங்கட பெயருக்குப் பக்கத்தில லண்டன் எண்டு போடவா?"

அந்த அறிவித்தல்களை எந்த நாட்டிலும் எங்கள் சனம் தேத்தண்ணியோடு வாசிக்கும். தாய் தகப்பன் யார், கூடப்பிறந்தவர்கள் எந்தெந்த நாட்டில் என்று அடைப்புக்குறிக்குள் ஒன்றும் விடாமல் இருக்கும். தம்பி இந்த வாரம்வரை உயிரோடு இருந்தான், அண்ணன் லண்டனில் என்று உலகத்துக்கே எழுதி ஒட்டுவது போல.

"என்ர பெயரை விடு, பிள்ளை."

"பெரியப்பா?"

"விடு. காரணம் கேளாதை."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, கோபமா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. "சரி, அம்மாட்டக் கேக்கிறன்," என்று வைத்துவிட்டாள். தம்பியை இரண்டாந்தரமும் கொன்றுவிட்டேன் என்று பத்மநாதன் வாய்விட்டே சொன்னார். சிவனேஸ்வரி ஸ்டேப்லரை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை அவள்தான் அறிவித்தலைப் போனில் திறந்து, வழக்கம்போல் சத்தமாக வாசித்தாள்.

"சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும், நோர்வே பேர்கனை வதிவிடமாகவும் கொண்ட குலேந்திரன் அவர்கள்..." மனைவி பெயர், மகள் பெயர் எல்லாம் வந்தது. "காலஞ்சென்ற பத்மநாதன் அவர்களின் அன்புச் சகோதரனும்..."

அவள் நிறுத்திவிட்டாள். அவர் போனை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தார். கையில் இருக்கும்போதே ஜதுர்ஷிகாவின் செய்தி வந்து விழுந்தது.

'குறை நினைக்காதேங்கோ பெரியப்பா. பெயர் இல்லாமல் விடேலாது, சனம் கேக்கும் எண்டு அம்மா சொன்னா. அப்பா இங்க வந்து கேஸ் குடுக்கேக்க, அண்ணையை ஆமி சுட்டுப்போட்டுது எண்டுதானாம் சொன்னவர். அந்தப் பயத்திலதான் லண்டனுக்கு வராமல் விட்டவராம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவராம். அதுதான் அப்படிப் போட்டம்.'

பத்மநாதன் போனை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். வாற சமர், வாற சமர் என்ற குரல் காதுக்குள் கேட்டது. சிரிப்பதற்கென்று வாயைத் திறந்தார். வேறொரு சத்தம்தான் வந்தது. சிவனேஸ்வரி அவருடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. திரையில் பக்கத்துத் தெருச் சுவர்ணா அக்கா. அது ஓய, டூட்டிங்கிலிருந்து யாரோ. அது ஓய, கனடா இலக்கம் ஒன்று.

"அறிவித்தலை வாசிச்சிட்டு உங்களைத்தான் விசாரிக்க எடுக்கினம். இஞ்சாருங்கோ, நான் என்னெண்டு சொல்ல?"

மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, நீலப் பத்திரத்தில் முட்டி நின்று, மறுபடியும் அதிரத் தொடங்கியது. வாசலோரம் இரண்டு சூட்கேஸ்கள் நின்றன. ஒன்றின் பிடியில், செலோடேப்புக்கு அடியில், அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் நனையாமல் இருந்தது. மற்றதற்கான லேபிள் நேற்றுப் பாதி மடித்தபடி மேசையில் கிடந்தது.