கொசுறு மீன்கள்

சிவபிரகாஷ் எதை வாங்கினாலும் கொசுறு கேட்பான். திண்டுக்கல் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை, பிரியாணிக் கடையில் இன்னொரு கரண்டி தால்சா. தங்கை இசைவாணிக்காக விரால் குஞ்சு வாங்கப் போன இடத்திலும் கேட்டான். பண்ணைக்காரர் பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டார். வாங்கிய குஞ்சுகள் சுண்டுவிரல் நீளம். கொசுறாக வந்தவை அதைப் போல இரண்டு மடங்கு. ஊர் வந்து சேரும்வரை தன் சாமர்த்தியத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே குஞ்சுகளை விட்ட பண்ணைக்குட்டை அவனுடையது. மீனும் தீவனமும் இசைவாணியுடையவை. அறுவடையில் மீன் தேறினால் குட்டை தொடர்ந்து அவளிடம் இருக்கும், இல்லையென்றால் அவன் திரும்ப எடுத்துக்கொள்வான். அண்ணன் தங்கைக்குள் பேச்சு அவ்வளவுதான்.

நான்காம் மாதம் தீவனம் மிச்சமாகத் தொடங்கியது. காலையில் வீசியது மதியமும் ஊறி மிதந்தது.

"வயிறு நெறஞ்சுபோச்சுத்தா, வேறென்ன?" என்றான் சிவபிரகாஷ். நம்பும்படியாகத்தான் இருந்தது. விரால் மூச்சு வாங்க மேலே வரும். அப்படி வந்தவை எல்லாம் கொழுத்த தலைகள். கரையில் நிற்பவர்களுக்கு மேலே வருவது மட்டும்தானே தெரியும்.

ஒரு நாள் காலை ஒரு மீன் செத்து மிதந்தது. அதன் வாயிலிருந்து இன்னொரு விராலின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. பாதி விழுங்கிய நிலையில் தொண்டை அடைத்து இரண்டும் செத்திருந்தன. இசைவாணி உள்ளே இருந்ததை உருவி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தன் நீளத்தில் முக்கால்வாசி இருந்ததை அது விழுங்கப் பார்த்திருக்கிறது. அதைவிடச் சின்னவை எங்கே போயின என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாம் ஒரே அளவாக இருந்திருந்தால் ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று நுழைந்திருக்காது. கொஞ்சம் பெரியது ஒன்றைத் தின்றது, தின்று இன்னும் பெருத்தது, பெருத்த பிறகு அடுத்ததைத் தின்பது சுலபமானது. தப்பியவை பயந்து கரையோரப் பாசிக்குள் ஒண்டிக் கிடந்தன. தீவனம் விழும் பக்கம் அவை வரவே இல்லை.

"பெருசு அம்புட்டையும் பிடிச்சு வெளியேத்தணும்ண்ணே."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ஞாயித்துக்கிழமை யாவாரி இஷாக் பாய் வாராரு. அவருக்கு எதக் காட்டுவ? நெத்திலியவா?"

ஞாயிற்றுக்கிழமை இஷாக் திண்டுக்கல்லிலிருந்து, உயிர்மீன் கொண்டுபோகும் தண்ணீர் டிரம்கள் ஏற்றிய வண்டியில் வந்தார். சிவபிரகாஷ் ஒரு கை தீவனத்தை வீசினான். பெரியவை துள்ளின.

"நல்லா வந்திருக்கே. அறுவடைக்கு மொத்தமா நானே எடுத்துக்கிறேன்."

"மொத்தமே இதுகதான் பாய்," என்றாள் இசைவாணி. "மத்ததெல்லாம் இதுக வயித்துல இருக்கு. இன்னைக்கே பிடிச்சுத் தாரேன், கொண்டு போங்க."

சிவபிரகாஷின் முகம் சிவந்தது. "குட்டை என்னுது. நான் வலை பிடிக்க மாட்டேன்."

இழுவலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு முனைக் கயிற்றைக் கொண்டுபோய்க் கரையில் நின்ற அவனுடைய பைக்கில் கட்டினாள்.

"ஏய், வண்டியில எதுக்குக் கட்டுற?"

"நீதான் பிடிக்க மாட்டேன்னுட்ட. இதாச்சும் சொன்னா கேக்கும்."

இஷாக் சிரித்தார். "கூடப்பொறந்தவுக பேசயில நான் வாயத் தொறக்குறதில்லப்பா."

மறுமுனையுடன் அவள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி வளைத்து இழுத்தாள். பாதி தூரத்தில் வலை கனத்தது. பைக் ஸ்டாண்டிலிருந்து சரிந்தது. சிவபிரகாஷ் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தான்.

"போச்சு, எம் வண்டி போச்சு!"

"வண்டிய விட்டுட்டுக் கயித்தப் பிடிண்ணே!"

கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டிதான் அவளுக்குச் சல்லடை. தண்ணீருக்குள் கட்டியிருந்த வலைக்கூண்டில் அதை அமிழ்த்தி, பிடித்த மீனைக் கொட்டினாள். சின்னவை ஓட்டை வழியே கூண்டுக்குள் நழுவின. பெட்டியில் நின்று துள்ளியவற்றை இஷாக் டிரம்முக்கு மாற்றினார்.

சிவபிரகாஷ் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். வால் கடிபட்ட குஞ்சுகள் அடியில் ஒதுங்கி நின்றன.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டு இருக்கு."

"இதுலயும் ஒண்ணு ரெண்டு முந்திக்கிட்டுப் பெருக்கும். அது மத்ததத் திங்கும்."

"பெருக்கட்டும். மறுக்காச் சலிப்பேன்."

"எத்தன தடவ சலிப்ப?"

"அதுக ஒண்ணையொண்ணு தின்னுற வரைக்கும்."

"அறுவடைக்கு ஒண்ணும் தேறாதுத்தா. சொன்னபடி குட்டைய எடுத்துக்குவேன்."

"அறுவடையன்னைக்கு வந்து கேளு," என்று அவள் வலையை உதறினாள். "இப்ப அந்தப் பக்கமாப் போய் இழு. மூலையில ரெண்டு பெருசு தப்பிச்சுருச்சு."