நிலையைக் கழற்றிய நாள்

"இன்னொரு வாட்டி சாய்ச்சுப் பாருங்கண்ணா," என்றாள் கிளாரா.

ஐஸ் பெட்டியை நான்கு பேர் சாய்த்தார்கள். வாசலின் தேக்கு நிலையில் இடித்து நின்றுவிட்டது. வெளியே மழை விடவில்லை. உள்ளே கட்டிலில், காலையில் இறந்துபோன அப்பா செபஸ்தியானின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள்.

தங்கை வெனிலா குவைத்திலிருந்து நாளைக் காலையில்தான் வந்து சேருவாள். பெட்டி உள்ளே போகாவிட்டால் இன்று மாலையே அடக்கம். யாரோ மார்ச்சுவரி என்றதுமே அம்மா சூசை மேரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி ஆண்டோ கடப்பாரையோடு வந்தான். "இன்னாக்கா, பார்த்துக்கினே நிக்கிற? ஒடைச்சிடலாமா?"

திண்டிவனத்தில் கல்லூரியை ஒட்டிய அந்தத் தெரு முழுவதும் பழமைக்காக அரசு உத்தரவில் பாதுகாக்கப்பட்ட பகுதி. சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு, மரத்தூண் எதையும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது. அந்த உத்தரவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் அப்பாதான். இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்ற ஆண்டோவோடு பல மாதங்கள் பேச்சை நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நிலையில் செதுக்கிய பூக்களுக்கு அவரே எண்ணெய் பூசுவார். அவர் உடம்பு கிடக்கும்போதே அதைப் பெயர்ப்பதா? தான் யோசிப்பது சரிதானா என்று கிளாராவுக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டு சீனுவாசன் குடையோடு வந்தார். அப்பாவோடு சேர்ந்து தெருவுக்காக அலைந்தவர். இப்போது தெருக் கமிட்டித் தலைவர்.

"வாங்க சார்," என்றான் ஆண்டோ. "பொணம் படுக்கறதுக்கு எந்த ஆபீஸ்ல சார் பர்மிசன் குடுப்பாங்க?"

அவர் கிளாராவைப் பார்த்து, "நீ சொல்லும்மா," என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சின்னவ வந்து மண்ணத்தான் பார்க்கணுமா?"

கிளாரா நிலையைப் பார்க்காமல் சொன்னாள். "எடுத்துடுங்க. ஒடைக்காத ஆண்டோ, பேத்து எடு."

சீனுவாசன் குடையை ஓரமாக வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "இந்தப் பக்கம் நான் புடிச்சிக்கிறேன்."

ஆண்டோ அவரையே பார்த்தான். பிறகு, "பூ மேல நகம் படாம புடிங்க சார்," என்றான்.

சுண்ணாம்பு கொட்டியது. நிலையோடு மேலிருந்த செங்கற்களும் சரிந்தன. பெட்டி உள்ளே போனது.

மறுநாள் காலை, வண்டி நிற்பதற்குள் வெனிலா இறங்கி ஓடிவந்தாள். வாசல் அகன்று உயர்ந்து கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. பழைய மேல்கட்டை தலையில் இடித்துவிடாதபடி, நன்றாகக் குனிந்து உள்ளே நுழைந்தாள்.