கென்ட் வாங்கி வந்த அம்புமுனை

என் தங்கை ஐலியைக் கட்டிய கென்ட் வாண்டர்மோலன் நீச்சல்குளம் விற்பவன். வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் மிச்சிகனில் நீச்சல்குளம் விற்றே ஒருவன் வீடும் படகும் வாங்கியிருக்கிறான் என்றால், அவன் வாய் எப்படிப்பட்டது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டாம். மிச்சிகனின் வட பாதியையும் தென் பாதியையும் சேர்ப்பது ஒரு நீளப் பாலம். நான் அதற்கு வடக்கே, அவர்கள் தெற்கே, கிராண்ட் ராப்பிட்ஸில் குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்களை நாங்கள் பூதங்கள் என்போம். வரைபடத்தில் அவர்கள் பாலத்துக்குக் கீழே, எங்கள் கதைகளில் பாலத்துக்குக் கீழே வசிப்பது பூதம்தானே. மற்றவர்களைக் கேலிக்கு அப்படிச் சொல்வேன். கென்ட்டை மட்டும் மனப்பூர்வமாகச் சொல்வேன்.

அக்டோபர் வந்தால் மான் வேட்டைக்கு என் வீட்டில் வந்து இறங்கிவிடுவான். முன்பெல்லாம் கப்பியும் கம்பியும் வைத்த நவீன வில்லோடு வருவான். போன வருஷம் வண்டியிலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு நெடுவில், தலையில் கழுகு இறகா வான்கோழி இறகா என்று தெரியாத ஏதோ ஒன்று செருகிய தோல் தொப்பி.

"இனிமே மரவில்லுதான், மச்சான். மனுஷனுக்கும் மிருகத்துக்கும் நடுவுல மெஷின் எதுக்கு?"

"இத்தனை வருஷமா அந்த மெஷினால ஒரு மானுக்கும் தொந்தரவு இல்லையே, கென்ட்," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான்.

அவனால் இழுக்க முடிந்தது பலம் குறைந்த மெல்லிய வில்தான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஐலியின் வில் அதைவிட மெல்லியது, அவளோ பதினாறு வயதிலிருந்து மான் அடிக்கிறாள். ஆனால் மெல்லிய வில்லுக்கு அம்புமுனையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனமாக, ஒடுக்கமாக, தொட்டவுடன் வெட்டுகிறதாக இருக்க வேண்டும். வில்லிடம் இருக்கும் கொஞ்ச நஞ்ச பலத்தைத் துளி வீணாக்காமல் உள்ளே கொண்டு போக வேண்டும்.

சனிக்கிழமை மதியம் அடுக்களை மேஜையில் கென்ட் தன் பொட்டலத்தைப் பிரித்தான். பளபளவென்று சிவப்புச் சாயம் பூசிய முனைகள். கத்திகள் கோழி இறக்கை மாதிரி உடம்போடு ஒட்டி மடங்கியிருந்தன. மானின் மேல் பட்டதும் விரியுமாம்.

"ரெண்டு அங்குல ஓட்டை, மச்சான்! கண்ணு தெரியாதவன்கூட ரத்தத்தை மிதிச்சுக்கிட்டே போயிடலாம்."

"யாரு சொன்னா?"

"வீடியோல காட்டுனான். காட்டுப்பன்னிய அப்படியே பொளந்துருச்சு."

"கப்பி வில்லுல விட்டானா, மரவில்லுலயா?"

கென்ட் பீர் எடுக்க எழுந்து போனான்.

மேஜையின் மறுமுனையில் ஐலி தன் முனைகளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரே எஃகுத் துண்டு, இரண்டு விளிம்பு, அசைகிற பாகம் எதுவும் கிடையாது. முதலில் அரம், பிறகு கல், பிறகு தோல்வார். முன்கையில் வைத்து இழுத்தாள். பூனைமயிர் மழிந்து வந்தது.

"கென்ட், அந்த இறக்கை விரியறதுக்கே உன் வில்லோட பலத்துல பாதி போயிடும். அப்புறம் உள்ள போக என்ன மிஞ்சும்? என்னோடதுல மூணு நாலு எடுத்துக்கோ."

"அது வெண்ணெய் தடவற கத்திடி, செல்லம்," என்றான் கென்ட்.

ஐலி தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். கென்ட் முன் அவள் ஒன்றை இரண்டாம் முறை சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

மறுநாள் காலை கென்ட்டை ஹெம்லாக் மரத்துப் பரணில் ஏற்றிவிட்டோம். என் இடத்திலேயே நல்ல இடம் அது, தங்கச்சிக்காகக் கொடுத்தேன். வெயில் ஏறிய பிறகு அவனிடமிருந்து செய்தி வந்தது. நாங்கள் போனபோது பரணிலிருந்து இறங்கி, மீன் பிடித்தவன் மாதிரி கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றான்.

"பெரிய ஆண் மான்! பதினஞ்சு தப்படிதான். செம அடி. அங்கதான் எங்கேயாவது விழுந்து கெடக்கும்."

அம்பு செடியில் கிடந்தது. ஒரு கத்தி விரிந்திருந்தது, மற்றொன்று பாதியில் வளைந்து நின்றுவிட்டது. தண்டில் ஒரு விரல் அளவுக்குமேல் ரத்தம் இல்லை. தோள்பட்டை எலும்பில் பட்டு அங்கேயே நின்றிருக்கிறது. நான் அம்பை அவனிடம் நீட்டினேன்.

"இதுல எங்கடா ரெண்டு அங்குல ஓட்டை?"

"மான் திரும்பிடுச்சு மச்சான். அதுக்கு முனை என்ன பண்ணும்?"

கொஞ்ச நேரம் பொறுத்துத் தடம் பிடித்தோம். அங்கொரு துளி, இங்கொரு துளி, ஃபெர்ன் இலையின் அடியில் ஒரு தீற்றல். ஐலி முன்னால் குனிந்து போனாள். கென்ட் பின்னால் தன் புது பூட்ஸைப் பார்த்துப் பார்த்து நடந்தான். தடம் தேவதாருச் சதுப்புக்குள் இறங்கிய இடத்தில் அவன் நின்றுவிட்டான்.

"வெறும் தோல் காயம். பொழச்சுக்கும். ஒரு மணிக்கு ஃபுட்பால் மேட்ச் இருக்கு."

ஒரு மிருகத்தின் தோளை உடைத்துவிட்டு ஃபுட்பால் பார்க்கப் போகிறவனைத் திட்ட என்னிடம் எங்கள் வீட்டு மொழியான ஃபின்னிஷில் சில வார்த்தைகள் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு அந்த மொழி தெரியாது. ஐலிக்குத் தெரியும், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாவி வண்டியிலதான் இருக்கு. போ கென்ட்," என்றாள்.

அவன் போனான். உண்மையாகவே போய்விட்டான்.

ஐலி தன் வில்லில் அம்பைப் பூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். நான் தூரம் விட்டுத் தொடர்ந்தேன். சூரியன் உச்சிக்கு வந்து சாய்ந்த பிறகு அவள் கை பின்னால் விரிந்து என்னை நிறுத்தியது. விழுந்த மரத்தின் வேர்ப்பக்கம் மான் படுத்திருந்தது. முன்னங்கால் கோணலாக மடங்கியிருந்தது. வாய் திறந்து மூச்சு வாங்கியது. அவள் வேரைச் சுற்றி அடி அடியாக நகர்ந்தாள். நாண் அதிர்ந்ததைக்கூட நான் கேட்கவில்லை. மான் எழுந்து சில பாய்ச்சல் போய் விழுந்தது. அம்பு விலாவில் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, பாசியில் குத்தி நின்றது.

அவள் அதன் கழுத்தில் கை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "காலையிலிருந்து இந்த வலியோட இருந்திருக்கு அண்ணே," என்றாள். அவ்வளவுதான்.

மானை இழுத்து வண்டிப் பாதைக்குக் கொண்டுவந்தபோது கென்ட் வந்து சேர்ந்தான். மேட்ச் இடைவேளை போலும். தொப்பியைச் சரி செய்துகொண்டு கொம்பைப் பிடித்தான், பையிலிருந்து தன் லைசென்ஸ் அட்டையை எடுத்தான். யார் அட்டை கொம்பில் ஏறுகிறதோ, மான் அவர் கணக்கு. ஐலி அதற்குள் தன் அட்டையைக் கொம்பில் கட்டத் தொடங்கியிருந்தாள்.

"ஏய், இது என் மான். முதல் ரத்தம் எடுத்தவன் நான்."

"முதல் ரத்தம் எடுத்தவன் முதல் ஆளா வீட்டுக்குப் போக மாட்டான்டா," என்றேன்.

"நீ சும்மா இரு அண்ணே." முடிச்சை இறுக்கிவிட்டு ஐலி அவனைப் பார்த்தாள். "உன்னோடதுன்னா ஏன் விட்டுட்டுப் போன?"

நீச்சல்குளம் விற்கிறவன் தன் அட்டையை மடித்து மறுபடி பைக்குள் வைத்தான். சாயந்திரத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகத் தெற்கே ஓட்டிப் போய்விட்டான்.

இறைச்சி வெட்டி முடித்ததும், வார நடுவில் நான்தான் ஐலியைக் கொண்டுபோய் விட்டேன். பாலத்தின் மேல் வைத்துக் கேட்டே விட்டேன்.

"அவன்கூட எப்படிம்மா இருக்க?"

"எங்கிட்ட நல்லாத்தான் இருக்கான். முட்டாள், அவ்வளவுதான். உனக்கு முட்டாள்னா ஆகாது. எனக்கு ஆகும். ஆனா மானுக்கு ஆகாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அவன் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டேன். உள்ளே போகவில்லை.

இந்த வருஷம் ஐலி மட்டும் வந்தாள். வில்லைக் கென்ட் விற்றுவிட்டானாம், அவள்தான் விற்க வைத்தாளாம். இப்போது படகில் ஏரிக்குப் போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்கிறானாம். அந்த ஏரி மீன்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.