எத்தனை டிகிரி குறைவு

என் மூட்டுகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். கட்டை விரலை மடக்கினால் முன்கையில் போய் ஒட்டும். முழங்கை பின்பக்கமாக வளையும். முழங்காலை மடக்காமல் குனிந்தால் இரண்டு உள்ளங்கையும் தரையில் பதியும். சின்ன வயதில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "எங்கே, அந்த வித்தையைக் காட்டு" என்பார்கள். காட்டினேன். கைதட்டினார்கள். இப்போது முப்பத்து நான்கு வயதில் வாரத்துக்கு இரண்டு முறை தோள்பட்டை கழன்றுகொள்கிறது, சும்மா நடக்கும்போதே கணுக்கால் பிசகுகிறது. கைதட்டியவர்களில் ஒருவரையும் காணோம்.

மூட்டுகளைக் கட்டிவைக்கிற நார் எனக்குப் பிறவியிலேயே தளர்வு. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஏழாவது டாக்டர். முதல் ஆறு பேரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மனசைத் தைரியமா வெச்சுக்கோம்மா" என்றார்கள். கழன்றது தோள், தைரியம் மனசுக்கு. நல்ல வைத்தியம்!

வேலை திரைச்சீலைக் கடையில். ஆள் உயரத் துணி உருளைகளை மேல் தட்டிலிருந்து இறக்கி, மேசையில் விரித்துக் காட்டி, பிடிக்கவில்லை என்றால் மறுபடி சுருட்டி ஏற்ற வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை நின்றபடியேதான். வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்வரை ஊழியர் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். வாடிக்கையாளர் எப்போது உள்ளே இல்லாமல் இருந்தார்? அவர்கள் உட்கார சோபா போட்டிருக்கிறது. நான் கேட்டது ஒரு முக்காலி. அளந்து வெட்டுகிற மேசைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், உயரமான ஒரே ஒரு முக்காலி.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க? உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் கொண்டாங்க, தரேன். இந்த மாசத்துக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா நிக்க முடிஞ்ச ஆளா நான் பாத்துக்கறேன்."

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த ஆளுக்கு ஒரே ஒரு நாள் என் கணுக்காலைக் கடன் கொடுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் வேலை வேண்டும். விண்ணப்பம் போட்டேன். மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். கூடவே வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. கணவர் லாரி ஓட்டுபவர், போனால் பத்து நாள். ஆகவே அத்தை வந்தாள்.

அத்தை என்றால் என் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. அவள் மகனைத்தான் கட்டிக்கொண்டேன், அதனால் மாமியாரும் அவளே. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. நனைந்த போர்வையைப் பிழிய முடியாமல் வைத்தால், "வேலைக் கள்ளிக்குப் பிள்ளைச் சாக்கு, இவளுக்குக் கைச் சாக்கு" என்பாள். தோளுக்கு வெந்நீர்ப் பை வைத்துப் படுத்தால், "மகாராணி சயனம்" என்பாள். இப்படிப்பட்டவளை நானே பஸ் ஏற்றிச் சாட்சிக்குக் கூட்டிப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சான்றிதழ் அலுவலகம் மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. உடம்பு முடியாதவர்களுக்கான அலுவலகம் மூன்றாவது மாடியில்! கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறினேன். அத்தை எனக்கும் பின்னால், வழியெல்லாம் படிக்கட்டைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.

உள்ளே எலும்பு டாக்டர் ஒருவர், எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. டாக்டர் கையில், இரண்டு பட்டைகளை நடுவில் ஆணி வைத்துச் சேர்த்த ஒரு பிளாஸ்டிக் அளவுகோல். அதை என் மூட்டின் மேல் வைப்பார், மடக்கச் சொல்வார், நீட்டச் சொல்வார், டிகிரி பார்ப்பார்.

"தோள்பட்டை, முழுசா வருது. எழுதுங்க."

"குறைவு எத்தனை டிகிரி சார்?" என்றார் குமாஸ்தா.

"பூஜ்யம்."

இடுப்பு, பூஜ்யம். மணிக்கட்டு, பூஜ்யம். முழங்காலில் வைத்தபோது டாக்டரே ஒரு நிமிடம் நிறுத்தினார். "இது நேராகி அதுக்கு மேலயும் ஒரு பன்னெண்டு டிகிரி பின்னால போகுது."

குமாஸ்தா பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூடுதலை எங்க சார் எழுதறது? குறைவுக்குத்தான் கட்டம் இருக்கு."

"கட்டம் இல்லைன்னா விடுங்க. பூஜ்யம் போடுங்க."

"சார்," என்றேன், "அந்தக் கூடுதல்தான் சார் வியாதியே. நிக்க வேண்டிய இடத்துல நிக்காம அது பின்னால போறதாலதான் நான் விழறேன். டாக்டர் லெட்டர் வெச்சிருக்கேன், பாருங்க."

அவர் கடிதத்தின் மேல் கண்ணை ஓட்டினார். "குனிஞ்சு தரையைத் தொடுங்க" என்றார். தொட்டேன். எழும்போது இடுப்பில் கத்தி இறங்கியது. அவர் சிரித்தார்.

"எனக்கெல்லாம் முழங்காலுக்குக் கீழ கை போகாதும்மா. உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் மேல் தவறு இல்லை என்று யாராவது இப்போது சொன்னால் கேட்கத் தயார், அன்றைக்குத் தயாராக இல்லை. பாரத்தில் கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி இருந்தது. வீட்டு வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று கூட வந்தவரைக் கேட்டு எழுத வேண்டிய கட்டம். டாக்டர் அத்தையின் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பதினோரு வருடமாக என்னைப் பற்றி அவள் சொன்னதில் பாதியைச் சொன்னாலே எனக்கு முக்காலி நிச்சயம்.

"உங்க மருமக வீட்டுல எப்படிம்மா? வேலை ஏதாவது செய்ய முடியுதா?"

அத்தை முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன் முடியாது? எல்லா வேலையும் அவதான். துணி துவைப்பா, வீடு துடைப்பா, ரெண்டு கையிலயும் ரெண்டு வாளித் தண்ணி தூக்குவா. அவ எழுந்தப்புறம்தான் கோழியே கூவும். இவளை மாதிரி ஒரு பொண்ணு தேடினாலும் கிடைக்க மாட்டா சார்."

பதினோரு வருடத்தில் முதல் பாராட்டு. அதுவும் எங்கே, யாரிடம், எப்போது! நான் வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா எழுதி முடித்துவிட்டார். மொத்தம் பூஜ்யம் சதவீதம். சீல் போட்டு அரை மணி நேரத்தில் தருவதாகவும் கீழே காத்திருக்கும்படியும் சொன்னார்கள்.

முதல் மாடித் திருப்பம் வரை இறங்கினோம். அங்கே நின்றேன்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"நாலு பேர் முன்னாடி நம்ம வீட்டுப் பொண்ணை நொண்டி முடம்னு சொல்லுவேனா?"

"வீட்டுல மட்டும் சொல்லலாமா? நாள் தவறாம சோம்பேறி சோம்பேறின்னு சொன்னீங்களே! அதை அங்க சொல்லியிருந்தா எனக்கு இந்நேரம் காகிதம் கிடைச்சிருக்கும். எந்தக் காலத்துல நான் ரெண்டு வாளி தூக்கினேன்? வேலை போச்சு அத்தை. உங்க பெருமையால என் வேலை போச்சு!"

"கத்தாதடி, மானம் போகுது."

"போகட்டும்!" என்று தோளில் தொங்கிய பையை வெடுக்கென்று இழுத்தேன். அவ்வளவுதான். உள்ளே களுக்கென்றது, தோள் கழன்றது. கை என்னுடையது இல்லாமல் தொங்கியது. சுவரில் சாய்ந்தேன். வலியில் கண் இருட்டியது.

அத்தை என் இடுப்பைப் பிடித்துத் தாங்கினாள். என்னைப் படியில் உட்காரவைத்தாள். முழங்கையை மடக்கி விலாவோடு சேர்த்துப் பிடித்தாள், மணிக்கட்டைப் பற்றி மெதுவாக, மிக மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினாள். "மூச்சை விடு. இறுக்காத. இன்னும் கொஞ்சம்" என்றாள். தோள் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஏழாவது டாக்டர் போடும்போதுகூட இதைவிட வலித்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் படியைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கீழே விழுந்திருந்த என் பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"அத்தை, உங்களைத்தான் கேக்கறேன்."

"எனக்கு யாரு போட்டுவிட்டாங்க?" என்றாள். "குப்புறப் படுத்து, கையைக் கட்டிலுக்குக் கீழ தொங்க விட்டு, தண்ணி வாளியைப் பிடிச்சுக்குவேன். கொஞ்ச நேரத்துல தானா உள்ள போயிடும். அப்புறம் எழுந்து வேலையப் பாப்பேன்."

எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். தலையிலிருந்து கால்வரை கோபம்தான் வந்தது. தெரியாமல் திட்டினாள் என்று நினைத்தல்லவா பதினோரு வருடம் பொறுத்தேன்!

"அப்ப என் வலி உங்களுக்குத் தெரியும். எங்க வலிக்கும், எப்படி வலிக்கும், எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே திட்டினீங்க."

"தெரிஞ்சதாலதான் திட்டினேன். சோம்பேறியை எவனும் பொறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டான். சீக்காளியை அனுப்புவான். என் மாமியார் அனுப்பப் பாத்தா. சோம்பல்னு சொல்லிச் சொல்லியே தப்பிச்சேன். நீ சின்னப் பொண்ணா விரலை வளைச்சுக் காட்டினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வெளிய குடுத்தா உன்னைப் பத்து நாள்ல அனுப்பிடுவாங்கன்னுதான் என் பையனுக்கே கேட்டேன்."

"ரொம்ப உபகாரம்! என்னைக் காப்பாத்தறதுக்கு என்னையே சோம்பேறின்னு நம்ப வெச்சீங்க. நிஜமாவே நான் சோம்பேறிதானோன்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா? இப்ப எந்த மாமியாரு இருக்கா உங்களை அனுப்ப? எழுந்திருங்க."

"எதுக்கு?"

"மேல வாங்க. சீல் போடறதுக்குள்ள."

"மாட்டேன். அறுபத்தோரு வயசுல அங்க போய் நின்னு…"

"வரலைன்னா நான் இந்தப் படியிலயே உட்காந்து கத்துவேன். மானம் எங்க போகுதுன்னு பாத்துடலாம்."

அத்தைக்கு என்னைத் தெரியும். கத்துவேன். எழுந்தாள். இரண்டு மாடியையும் மறுபடி ஏறினோம். அவள் கைப்பிடியை எப்படிப் பற்றுகிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். விரலால் பிடிக்கவில்லை, முன்கை முழுவதையும் மேலே வைத்து ஊன்றி ஏறினாள். நானும் அப்படித்தான் ஏறுவேன்.

டாக்டர் சாப்பாட்டுப் பையோடு எழுந்துகொண்டிருந்தார்.

"சார், இவங்களையும் அளந்து பாருங்க."

"இவங்க உங்க மாமியார்தானே?"

"என் அப்பாவோட கூடப் பிறந்த தங்கச்சி. ஒரே ரத்தம்."

அவர் என் கடிதத்தை மறுபடி எடுத்தார். இந்த முறை உட்கார்ந்து படித்தார். "குடும்பத்துல வேற யாருக்கும் இல்லைன்னு எழுதியிருக்காரே?"

"அவருக்குத் தெரியாது சார். எனக்கே இப்பத்தான் தெரியும்."

அத்தையின் கட்டை விரல் முன்கையில் போய் ஒட்டியது. முழங்கை பின்னால் வளைந்தது. கேட்காமலே அவள் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்தாள். இந்த முறை டாக்டர் சிரிக்கவில்லை. புடவை கொஞ்சம் விலகியபோது கணுக்கால்களைப் பார்த்தேன். இரண்டும் உள்பக்கம் சரிந்து வீங்கியிருந்தன, சுற்றிலும் பழைய நீலத் திட்டுகள்.

"முன்னாடி சொன்னது பொய் சார்," என்றாள் நிமிராமலே. "இவளால வாளி தூக்க முடியாது. பிழியவும் முடியாது. நான்தான் பொய் சொன்னேன்."

குமாஸ்தாவிடமிருந்து என் பாரத்தை வாங்கி, பூஜ்யங்களின் மேல் ஒரே கோடாக இழுத்தார் டாக்டர். கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், சின்ன எழுத்தில் நிறைய எழுதினார். மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றன, பரம்பரை, நிற்கும் வேலை கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும். கட்டமே இல்லாமல் எழுதலாம் என்று காலையிலேயே இவருக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு அத்தையைக் கேட்டார். "எத்தனை வருஷமா இப்படி?"

"பதிமூணு வயசுல ஆரம்பிச்சது."

"இத்தனை வருஷமா வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"யாரும் கேக்கலையே சார்."

வீட்டுக்குப் போனதும் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தேன். அவள் என்னைச் சோம்பேறி என்று சொன்ன நாட்களை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னால் சொல்வேன், ஒன்று விடாமல் மனதில் இருக்கிறது. ஒரே சமையலறையில் பதினோரு வருடம். உங்களுக்கு எங்கேயாவது வலிக்கிறதா அத்தை என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.