விலாசினி எழுதிக் கொடுத்த சீட்டு

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையில், இஞ்சிவிளைக்குச் சற்று முன்னால் ராஜதாஸின் தையல் கடை இருந்தது. சட்டை தைக்க வருகிறவர்களைவிடக் காகிதம் வாசித்துக் கேட்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். கோர்ட்டு நோட்டீஸோ, பட்டாளத்தில் இருக்கும் மகனின் கடிதமோ, எதுவானாலும் அவர் மெஷினை நிறுத்திவிட்டு வாசித்துச் சொல்லுவார். ஏழாம் வகுப்புவரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் எழுத்து சர்ச்சில் வேதப்புத்தகம் பார்த்து வந்தது.

ஐம்பத்து நான்காம் வருடம், தமிழ் பேசும் தாலுகாக்களைப் பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி சூடுபிடித்தபோது, ஒரு கூட்டத்தில் ராஜதாஸ் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். இனிமேல் மலையாள எழுத்தை வாசிக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன் என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. மறுநாள் கடைப் பலகையில் மலையாளம் இருந்த பாதியைத் தார் பூசி மறைத்தார்.

அந்த ஊரில் எட்டுப் பெண்கள் வெள்ளை லெகார்ன் கோழி வளர்த்தார்கள். ஒரு பண்ணை குஞ்சுகளைக் கொடுத்து, வாரம் ஒருமுறை விலாசினி என்ற பெண்ணை அனுப்பி மேற்பார்வை பார்த்தது. கோட்டுகால் என்ற ஊர்க்காரி, மலையாளம் மட்டுமே எழுதத் தெரிந்தவள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெண்கள் மரச்சீனிக் கிழங்கின் தோலையும் தவிட்டையும் வேகவைத்துக் கொடுத்தார்கள். கோழி தின்றது, ஆனால் பாதி செரிக்காமல் எச்சத்தில் போயிற்று. இதற்குப் பண்ணையில் ஒரு பொடி தயார் செய்தார்கள். தவிட்டில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து, உலர்த்தி, இடித்தது. வயிறு செய்ய வேண்டிய வேலையில் பாதியை அது தீனிக்குள்ளேயே செய்துவிடும், அதே தீனிக்கு முட்டை கூடும் என்று விலாசினி சொல்லியிருந்தாள். ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்பது, பலன் தெரிந்தால் பக்கத்து ஊர்களுக்கும் கொடுப்பது, அவளுடைய வேலையையும் உறுதியாக்குவது என்று ஏற்பாடு.

பொடி வர வேண்டிய நாளில் கடையடைப்பு. பஸ் பாறசாலையோடு நின்றுவிட்டது. விலாசினி பொட்டலங்களை ஒரு சைக்கிள்காரரிடம் கொடுத்தனுப்பி, கூடவே ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தாள். எட்டுப் பேரில் மூத்தவளான ரத்னபாய் அதை எடுத்துக்கொண்டு தையல் கடைக்கு வந்தாள். பாதிக் கதவுதான் திறந்திருந்தது. உள்ளே பெஞ்சில் கிளர்ச்சிக்காரர்கள் மூன்று பேர் ஊர்வலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இதில என்னவாக்கும் எழுதியிருக்கு? அந்தப் பிள்ளைக்கு நேர்ல வர ஒக்கல்ல."

ராஜதாஸ் வாங்கிப் பார்த்தார். பெஞ்சிலிருந்த கனகதாஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"மலையாளமாக்கும். இவரு வாசிக்க மாட்டாரு."

அதற்குள் ராஜதாஸின் கண் வாசித்து முடித்திருந்தது. நான்கே வரி. தீனியை வேகவைத்து நன்றாக ஆறவிட வேண்டும். விரல் வைத்தால் சூடு தெரியக் கூடாது. அதன் பிறகே பொடியைக் கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் பொடியின் சக்தி செத்துப்போகும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

சீட்டைத் திருப்பி நீட்டினார்.

"எனக்கு இது வேண்டாம், ரத்னபாய்."

"பின்னே பொடிய எப்படிக் கொடுக்க?"

"எப்பவும் போல தீனியில கலக்கிக் கொடு."

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்று ராஜதாஸ் நினைத்தார். மனப்பூர்வமாகத்தான் நினைத்தார்.

சாயங்காலத்துக்குள் மார்த்தாண்டத்துப் பக்கம் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்த செய்தி வந்துவிட்டது. கூட்டங்களில் பேசியவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்றார்கள். ராஜதாஸ் கடையைப் பூட்டிவிட்டு, மலையோரத்தில் கள்ளிக்காடு என்ற ஊரில் இருந்த தங்கை புஷ்பபாயின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஐந்து வாரம் அங்கேயே இருந்தார்.

மூன்றாம் நாளே சீட்டு ஞாபகம் வந்தது. ஒரு கார்டு போட்டிருக்கலாம். இருக்கும் இடம் தெரிந்துவிடுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெயர் போடாமல் எழுதலாம், தங்கையின் கணவர் கையால் எழுதலாம் என்பதும் அவருக்குத் தெரியும். எழுதினால் அன்றைக்கு வாசித்தது வெளியே வந்துவிடும். அதுதான் காரணம். தங்கை வீட்டில் நாலைந்து கோழிகள் திரிந்தன. அவற்றுக்குத் தீனி வைக்கும் நேரம் பார்த்து அவர் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்.

ஊர் அடங்கிய பிறகு திரும்பி வந்தார். அதுவரை விலாசினியாலும் அந்தப் பக்கம் வர முடிந்திருக்கவில்லை. வந்த மூன்றாம் நாள் ரத்னபாய் வீட்டு முற்றத்தில் ஜீப் நின்றது. பண்ணை மேலாளரும் விலாசினியும் வந்திருந்தார்கள். எட்டுப் பெண்களும் சுவரில் கரியால் போட்டுவைத்த முட்டைக் கோடுகளை மேலாளர் எண்ணிப் பார்த்தாயிற்று. ஒரு முட்டைகூட அதிகமாகவில்லை. வேடிக்கை பார்க்க நின்றவர்களுக்குப் பின்னால் ராஜதாஸும் போய் நின்றார்.

"எப்போழாக்கும் பொடி கலக்கினது?" என்று விலாசினி கேட்டாள்.

"அடுப்பில வச்சே," என்றாள் ரத்னபாய். "கொதிக்கும்போதே."

விலாசினி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு சீட்டு எழுதி அனுப்பியதைச் சொன்னாள்.

மேலாளர் முகம் கடுத்தது. படிக்கத் தெரியாத பெண்களுக்குச் சீட்டு எழுதினால் கடமை தீர்ந்ததா என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"இந்த ஊரில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா?"

ரத்னபாய் ராஜதாஸை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அவருடைய சபதத்தை அவள் காப்பாற்றிக் கொடுக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

அடுத்த வாரம் விலாசினியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று வெட்டிய சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ராஜதாஸ் துணியைப் போட்டுவிட்டு ரத்னபாய் வீட்டுக்குப் போனார். அவள் கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணைக்கு அந்தச் சீட்ட நான் வாசிச்சேன்."

"எப்போ?"

"நீ நீட்டினப்பவே."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"பள்ளிக்கூடம் போகாத நாங்க முட்டாளாகட்டும்னு விட்டீரு. அது போகட்டு. அந்தப் பிள்ளை உமக்கு என்ன செய்தா?"

"ஒண்ணும் செய்யல்ல."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவ? அவகிட்ட போய்ச் சொல்லும்."

மறுநாள் கோட்டுகாலுக்குப் போய் வழி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். விலாசினி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னார். சொல்லி முடியும்வரை அவள் குறுக்கிடவில்லை.

"முழுவனும் வாசிச்சோ?"

"வாசிச்சேன்."

"என்றெ எழுத்து மோசமாயிருந்நோ? அதானோ வாசிக்க ஒக்காம போயதுன்னு ராத்திரி முழுக்க நினைச்சிட்டுண்டு."

"இல்ல. நல்ல எழுத்து," என்றார் ராஜதாஸ்.

அவள் உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "இது எழுதித் தரணும்."

நடந்ததை நடந்தபடி மலையாளத்தில் எழுதி, பெயரும் ஊரும் போட்டுக் கையெழுத்திட்டார். எதையும் மறைக்கவில்லை. அவள் வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவளும் உட்காரச் சொல்லவில்லை.

கடிதம் பண்ணைக்குப் போயிற்று. சோதனை முடிந்துவிட்டது, அந்த வேலை இடமும் எடுக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. ராஜதாஸ் மறுபடி இரண்டு முறை எழுதினார். அவற்றுக்குப் பதிலே இல்லை. மலையாளத்தில் எழுதிய செய்தி எப்படியோ தெரிந்து கனகதாஸ் கடைக்கு வருவதை நிறுத்தினான்.

ரத்னபாயிடம் ஒரு பொட்டலம் மீதி இருந்தது. தீனியை ஆறவைத்து அதைக் கலந்து கொடுத்தாள். பத்து நாள் கழித்துக் கடை வாசலில் நின்று, "அஞ்சு முட்டை கிடைச்ச இடத்தில ஏழு கிடைக்குவு," என்றாள். குத்திக்காட்டச் சொன்னாளா, கேட்கட்டும் என்று சொன்னாளா, அவருக்குத் தெரியவில்லை. பொட்டலம் தீர்ந்ததும் கணக்கு பழையபடி இறங்கிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து எல்லை பிரித்தபோது பாறசாலையும் ராஜதாஸின் கடையும் கேரளத்தோடு நின்றன. அதற்கும் பிறகு ஒருநாள் நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் ராஜதாஸ் விலாசினியைப் பார்த்தார். நெசவுச் சங்கத்தில் வேலை என்றாள். கோழிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள்.

"ரத்னபாய் இப்பவும் வளக்கா," என்றார்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் தன் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.